பதிவுத் தபால் வாங்கும் பிரெஞ்சுக்காரி

பாசல் நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு அந்தப் பிரெஞ்சுக்காரி குடிவந்தபோது, நாங்கள் சுவிஸ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. விண்ணப்பம் போட்டவர்களைப் பற்றி அயலவர்களிடம் விசாரிப்பார்கள் என்று கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து படிக்கட்டில் யாராவது சிரித்தால்கூட, ஏன் சிரிக்கிறார் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

அவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். நரைத்த குட்டை முடி, ஆண்கள் போடுகிற கம்பளிச் சட்டை, தனியாள். வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை. ஆனால் கையில் எப்போதும் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். ட்ராம் தரிப்பிடத்தில் நின்று அதில் ஏதோ எழுதுவார். நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறை எல்லா வீட்டுக்கும் பொது. எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. அன்று பார்த்து ஏதாவது சாட்டில் இறங்கி வந்து மூலை வாங்கில் உட்காருவார். நான் திரும்பிப் பார்த்தால் கொப்பியை மூடிவிடுவார்.

அதைவிடப் பெரிய விஷயம் பதிவுத் தபால். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து நான் வருகிற நேரமும் தபால்காரர் வருகிற நேரமும் ஒன்று. கிழமைக்கு ஒன்றாவது அவருக்கு வரும். தடித்த, பெரிய உறை. கையெழுத்துப் போட்டு வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் மேலே கொண்டுபோவார். எங்கள் ஆட்களுக்குப் பதிவுத் தபால் என்றாலே கெட்ட செய்திதான். என் கணவரின் முதல் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதமும் அப்படித்தான் வந்தது.

“அவ கவுண்மேந்து ஆள்தான். எங்களைத்தான் எழுதுறா,” என்றேன் கணவரிடம்.

“விசர்க்கதை கதைக்காதையும். பிரெஞ்சுக்காரியை ஏன் இவங்கள் அந்த வேலைக்கு வைக்கப்போறாங்கள்?”

“அப்ப ஏன் கிழமைக்குக் கிழமை பதிவுத் தபால் வருது?”

அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு யோசித்தார். “கோட்டு வழக்கு ஏதும் இருக்குமோ? எதுக்கும் அவவோட வாய் குடுக்காதையும்.”

நான் வாய் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை, உடுப்புக் காயவைக்கும் மெஷினுக்குப் பின்னால் விழுந்த காலுறையை எடுக்கக் கையை விட்டபோது ஒரு தாள் வந்தது. அதில் நாலு கட்டங்களாகக் கீறிய படம். முதல் கட்டத்தில் நான் உடுப்புப் பிரிக்கிறேன். இரண்டாவதில் ஒரு துவாயை முகர்ந்து பார்க்கிறேன். மூன்றாவதில் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறேன். நாலாவதில் என் கண்கள் மட்டும். என் கண் அப்படியா இருக்கும்? திருடனைப் பிடிக்க நிற்கிற கண்.

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறிக் கதவைத் தட்டினேன். அவர் சங்கிலியைக் கழற்றாமலே திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த தாளைத்தான் பார்த்தார்.

“இது உங்களிடம் எப்படி வந்தது? போட்டோ எடுத்தீர்களா? யாருக்காவது அனுப்பினீர்களா?”

நான் சண்டை பிடிக்க என்று ஜேர்மன் சொற்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் மறந்துபோனது. “என்னை ஏன் கீறினீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். அவர் போனைக் காட்டச் சொன்னார். ஏனென்று தெரியாது, காட்டினேன். அதன் பிறகுதான் சங்கிலி கழன்றது.

உள்ளே கதிரைகளைவிட உறைகள் அதிகம். ஒரு சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்க அந்தத் தடித்த உறைகள், ஒன்றும் திறக்கப்படவில்லை. அனுப்பியவர் பெயரும் பெறுபவர் பெயரும் ஒன்றே. அவர் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பயமாகிவிட்டது. மூளைக் கோளாறு என்றுதான் நினைத்தேன்.

“நான் சித்திரக்கதை கீறுகிறவள்,” என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சின் அல்சாஸில் பிறந்தவர் என்பதால் அவருடைய ஜேர்மன் பாசல்காரரின் பேச்சைப் போலவே இருந்தது, எனக்கு விளங்கியது. அன்று கொஞ்சமும் பிறகு பல நாட்களில் மிச்சமுமாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

தகப்பன் ரயில் எஞ்சின் திருத்துகிறவர். சித்திரப் பள்ளியில் ஆசிரியர், பெண்பிள்ளைகளுக்குத் துணிக்குப் பூ கீறுவது போதும் என்றாராம். இவர் கேட்காமல் பாரிஸுக்குப் போய்ச் சிறுவர் வாரப் பத்திரிகை ஒன்றில் சேர்ந்திருக்கிறார். அங்கே ஆண்கள் கீறியதற்கு நிறம் தீட்டுவதுதான் பல வருடம் அவருடைய வேலை. ஒரு கிழமை யாரோ சுகவீனம் என்று ஒரு பக்கம் காலியாகிவிட, பால் லொறி ஓட்டுகிற ஒரு விதவையை அதில் கீறினார். பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். அந்தப் பக்கம் நிலைத்துவிட்டது. பெண் கீறியது என்றால் பையன்கள் வாசிக்கமாட்டார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் இவருடைய பெயரின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் போட்டார். கதை என்ற இடத்தில் தன்னுடைய முழுப்பெயரைப் போட்டுக்கொண்டார். கதையும் இவருடையதுதான்.

அப்போதே இவருக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. கீறிய ஒவ்வொரு பக்கத்தையும் பிரதி எடுத்துத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். உறையைத் திறக்காமல் வைத்திருந்தால் அதிலிருக்கும் தபால் முத்திரைத் திகதி சாட்சி; இங்கே வந்து கீறுகிறவற்றையும் அப்படித்தான் அனுப்புகிறார். கடைசியில் சண்டை வந்து விலகினார். ஆசிரியர் வேறொருவரை வைத்து அதே விதவையைத் தொடர்ந்து கீறுவித்தார்.

“வாசித்தவர்களில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை,” என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருடைய குரல் உடைந்தது.

அந்த ஆட்களின் முகத்தில் முழிக்கக்கூடாது என்றுதான் எல்லை தாண்டி இங்கே வந்திருக்கிறார். இப்போது அந்தப் பதிப்பகம் பழைய பக்கங்களையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடப்போகிறது, இறந்துபோன ஆசிரியரின் பெயரில் மட்டும். வழக்கறிஞர் முன்னிலையில் பழைய உறைகளைத் திறக்க ஒரு சாட்சி வேண்டும். என்னைக் கேட்டார்.

“ஏன் நான்?”

“நீங்கள் என்னை நம்பவில்லை. நம்பாத ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் அதற்குப் பெறுமதி.”

என் கணவர் துள்ளினார். “பிரஜாவுரிமை கிடைக்கிற நேரத்திலை எதிலையும் கையெழுத்துப் போடாதையும்!” வழக்கறிஞரின் கடிதத்தை வீட்டுக்கு வாங்கிவந்து, போனில் மொழிபெயர்த்து மூன்று தரம் வாசித்தோம். பிழை ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் நான் போனேன்.

வழக்கறிஞரின் மேசையில் ஆறு உறைகள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒட்டிய இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். ஐந்தாவதில் நகம் நின்றது.

“இது பிரித்துத் திரும்ப ஒட்டின மாதிரி இருக்கிறது,” என்றேன்.

பிரெஞ்சுக்காரியின் முகம் சிவந்தது. ஈரம் பட்டிருக்கும் என்றார். வழக்கறிஞர் அதை ஒதுக்கிவைத்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, மற்ற ஐந்தையும் திறந்தார். ஐந்திலும் பால் லொறி. மங்கிய பிரதிகள், மூலையில் அவருடைய முழுப்பெயர். திரும்பி வருகிற ட்ராமில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

சில மாதங்கள் கழித்து எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அயலவர் யாரையும் விசாரித்ததாகத் தெரியவில்லை. அந்த நாட்களில்தான் அவர் எங்கள் கதவைத் தட்டினார். பதிப்பகம் வழக்குக்குப் போகாமலே இறங்கிவந்துவிட்டதாம். சாட்சியே ஓர் உறையைத் தள்ளியிருப்பதால் மற்ற ஐந்தையும் மறுக்க வழியில்லை என்று அவர்களின் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அட்டையில் இவருடைய பெயர் வரும், ஆசிரியரின் பெயருக்குக் கீழே.

“கீழே,” என்று இரண்டாம் முறையும் சொன்னார்.

புத்தகம் வந்ததும், அல்சாஸில் ஒரு கடையில் கையெழுத்திட அழைத்தார்கள். நானும் போனேன். ரயிலில் கேட்டேன், “அந்த ஐந்தாவது உறை?”

அவர் யன்னலைப் பார்த்தபடி இருந்தார். “ஒரு நாள் திறந்தேன். நான் நன்றாகத்தான் கீறினேனா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டினேன்.”

நம்பினேனா? முக்கால்வாசி நம்பினேன்.

கடையில் வரிசையில் நின்றவர்கள் அநேகமாக நரைத்த ஆண்கள். ஒருவர் புத்தகத்தை நீட்டி, “இதைக் கீறியவர் உங்கள் கணவரா?” என்று கேட்டார். எனக்குத்தான் கோபம் வந்தது. அவர் கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்த மனிதரின் கண் முன்னாலேயே லொறியை, அதன் சில்லை, பால் கான்களை, கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அந்த விதவையைக் கீறினார். ஒரு கோடும் அழிக்கவில்லை. பிறகு கீழே தன் முழுப்பெயரையும் நிதானமாக எழுதி, மை காயும்வரை தாளைத் தன் பக்கமே வைத்திருந்துவிட்டு, அவரிடம் கொடுத்தார்.