மண்ணும் ஜார்ஜும்

“ஜார்ஜோ? மண்ணு வெட்டுறவனுக்கு எந்தினா மோளே ராஜா பேரு?” விழிஞ்ஞத்தில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன சிறுமியிடம், என்னிடம்தான், மலையாளி மேஸ்திரி ஒருமுறை கேட்டார்.

இன்று தம்பானூரில் என் அலுவலக வாசலில் குழாய் பதிக்கக் குழி தோண்டுகிறார்கள். ஈரமண் வாசனை மாடிவரை ஏறி வந்ததும் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. எங்கள் வாடகை வீட்டு முற்றம் எப்போதும் இப்படித்தான் மணக்கும். வேலை முடிந்து வரும் அப்பா முதலில் மம்மட்டியைக் கழுவுவார், பிறகுதான் கால். “ராஜா வந்தாச்சு, சோத்தப் போடு” என்பார். “ராஜாவுக்குப் பழங்கஞ்சிதான்” என்பாள் அம்மா.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். கல்லூரியில்தான் தெரிந்தது: ஜார்ஜ் கிரேக்கப் பெயர்; மண்ணில் உழைப்பவன் என்று பொருள். ராஜாக்கள்தான் அப்பாவின் பெயரை இரவல் வாங்கியிருக்கிறார்கள்! ஓடிவந்து சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

“ராஜா பேருன்னுல்லா எங்கப்பன் வச்சாரு. நீ படிச்சுப் படிச்சு அதையும் மம்மட்டியாக்கிட்டியே, மக்ளே.”

ஞாயிறன்று என் மகனுக்கு ஞானஸ்நானம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம். அவரோ, “பிள்ளைக்கு அந்தப் பேரு வேண்டாம். அவனும் மண்ணு வெட்டணுமா?” என்று ஒரே பிடிவாதம். அந்த மண்தானே என்னைப் படிக்க வைத்தது என்றால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

இனி அவரிடம் பேசிப் பயனில்லை. காலையில் வரும் வழியிலேயே கோயிலுக்குப் போய், பங்குத்தந்தையிடம் பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிட்டேன்: ஜார்ஜ்.