தண்ணீர் ஆண்டில் ஓர் இட்லிக்கடை

1. முதல் கூட்டம்

வேதியியல் துறையில் லேப் டெக்னீஷியனாக இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். பியூரெட் உடைத்திருக்கிறேன், ஆசிட் பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன், சம்பளத்தில் பிடித்தம் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் ஆறிப்போச்சு. ஆறாத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படித்தால் போதும். பேராசிரியர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் எங்கள் பல்கலைக்கழகம் ‘தண்ணீர் ஆண்டு’ என்று ஒன்றை அறிவித்தது. ஒரு வருடம் முழுக்க எல்லாத் துறையும் தண்ணீரைப் பற்றியே ஏதாவது செய்தாக வேண்டும். வரலாற்றுத் துறை பல்லவர் காலத்துக் கூரம் செப்பேட்டில் வரும் வாய்க்காலைத் தேடிப் போகும். பொருளாதாரத் துறை சாயம் போடுகிறவர்களிடம் கேள்வித்தாளோடு போகும். தமிழ்த் துறை கவியரங்கம் நடத்தும். கணக்குத் துறைக்குத்தான் கடைசி வரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒருங்கிணைப்பாளர் ராகவன் சார். வரலாற்றுப் பேராசிரியர், சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், யாரையும் ஒருமையில் பேசாதவர். நல்ல மனுஷர். அதுதான் தொல்லையே. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் நான் கொஞ்சமாவது சத்தம் போட்டிருப்பேன்.

முதல் கூட்டத்தில் அவர் சொன்னார்: “துறை துறையா தனித்தனியா செஞ்சா அது ஆண்டு இல்ல, டைம்டேபிள். எல்லாரையும் சேர்க்கற மாதிரி ஒண்ணு வேணும். தெருவுக்கு ஒரு ஸ்டூடன்ட் தன் வீட்டுத் தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டு வரட்டும். துவக்க விழாவில சீஃப் கெஸ்ட் கையால எல்லாத்தையும் ஒரே அண்டாவில ஊத்துவோம். ஊர்த் தண்ணியெல்லாம் ஒண்ணா கலக்கட்டும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் துறைத் தலைவர் ஜெயந்தி மேடம் எழுந்து, “பாதிய அண்டாவில ஊத்திட்டு மீதிய எங்க கிட்ட குடுங்க சார். டெஸ்ட் பண்ணி ரிசல்ட்ட எக்ஸிபிஷன்ல வைக்கிறோம்” என்றார். அதற்கும் கைதட்டல். பூஜைக்கும் டெஸ்ட்டுக்கும் ஒரே பாட்டில். இந்த யோசனை எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் ஒருவருக்கும் தோன்றியிருக்காது. நானும் தட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

2. மஞ்சள் நூல்

திங்கட்கிழமை காலை நாற்பத்திரண்டு பாட்டில் வந்து சேர்ந்தது. பழைய கலர் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில், மருந்து பாட்டில், அவரவர் வீட்டில் கிடைத்தது. ஒவ்வொன்றிலும் நான் அச்சடித்துக் கொடுத்த லேபிள்: பெயர், தெரு, எந்தத் தண்ணீர், எதற்குப் பயன்படுகிறது.

பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்த ரேவதி செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் அம்மா கஸ்தூரி பஸ் ஸ்டாப் அருகே இட்லிக்கடை வைத்திருந்தார். அப்பா இல்லை. அந்தக் கடைதான் வீடு, படிப்பு எல்லாம். லேபிளில் ‘சொந்தக் கிணறு, வீட்டுக்கும் இட்லிக்கடைக்கும்’ என்று அழகாக எழுதியிருந்தாள். மற்றவர்கள் ‘வீட்டுக்கு’ என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். “கடைன்னு எழுதலாமா சார்?” என்று கேட்டாள். “உண்மையத்தானேம்மா கேட்டிருக்கு, எழுது” என்றேன். ரொம்பப் பெருமை அவளுக்கு.

விழாக் கமிட்டிப் பிள்ளைகள் ஒவ்வொரு பாட்டிலின் வாயிலும் மஞ்சள் நூல் சுற்றிக் குங்குமம் வைத்து, பார்க்க லட்சணமாக மேஜையில் அடுக்கினார்கள். பத்து மணிக்குச் செய்தி வந்தது. சீஃப் கெஸ்ட்டுக்கு வேறு வேலையாம். விழா வியாழக்கிழமை.

கிருமி டெஸ்ட்டுக்கு எடுக்கும் தண்ணீரைக் கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டிலில் எடுக்க வேண்டும், ஐஸில் வைக்க வேண்டும், ஒரு நாளுக்குள் டெஸ்ட் போட்டுவிட வேண்டும். இது முதல் வருடப் பிள்ளைக்கும் தெரியும். பாட்டில் விஷயத்தில் ஏற்கெனவே கோட்டை விட்டாயிற்று. நேரமாவது மிஞ்சட்டும் என்று ராகவன் சாரிடம் போனேன்.

“சார், இன்னிக்கே பிரிச்சு டெஸ்ட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கறேன். வியாழக்கிழமை வரைக்கும் வச்சா ரிசல்ட் சரியா வராது.”

“நூல் கட்டினதுக்கப்புறம் பிரிக்கறதா? நன்னா இருக்காது. மூடி வச்ச தண்ணிதானே? தீர்த்தச் செம்பு மாசக்கணக்கா இருக்கு, கெட்டா போச்சு?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். டெக்னீஷியன் என்றால் பேராசிரியர் சிரிக்கும்போது சிரிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பழக்கம். சித்திரை வெயிலில் நாற்பத்திரண்டு பாட்டிலும் மூன்று நாள் அந்த மேஜையிலேயே இருந்தன.

3. சிவப்பு ஸ்கெட்ச் பேனா

வியாழக்கிழமை அண்டாவில் தண்ணீர் கலந்தது. போட்டோ எடுத்தார்கள். மீதித் தண்ணீரை லேபுக்குக் கொண்டுவந்து டியூப்களில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்தேன். கிருமி இருந்தால் ஊதா நிறத் திரவம் மஞ்சளாகும், உள்ளே காற்றுக் குமிழ் ஏறும். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது பதினோரு பாட்டிலின் டியூப்கள் மஞ்சள். அதில் ரேவதியுடையதும் ஒன்று.

எனக்கு அப்போதே தெரியும். கிணற்றில் இருந்ததா, பாட்டிலில் இருந்ததா, மூன்று நாள் வெயிலில் பெருகியதா என்று யாராலும் சொல்ல முடியாத ரிசல்ட் அது. மேடத்திடம் சொன்னேன். “நாளைக்கு எக்ஸிபிஷன். இப்ப போய் இதச் சொல்றீங்களே. சார்ட் எழுதுங்க முதல்ல” என்றார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று துறையில் பெயர். நான்தான் எழுதினேன். பெயர், தெரு, பயன்பாடு, ரிசல்ட். ‘மலக்கிருமி: உண்டு’ என்பதைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்.

எக்ஸிபிஷனுக்கு ஊரே வந்தது. மற்றப் பத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பெயரைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனார்கள். வீட்டுத் தண்ணீர், காய்ச்சிக் குடித்தால் தீர்ந்தது. செவிலிமேட்டிலிருந்து வந்த ஒருவர் மட்டும் சார்ட் முன்னால் நின்று பக்கத்திலிருந்தவரிடம், “இது நம்ம பஸ் ஸ்டாப்பாண்ட இருக்கற இட்லிக்கடைதானே? தெனமும் அங்கதான் துன்னுக்கினு இருக்கேன்” என்றார். பக்கத்திலிருந்தவர், “அங்கெல்லாம் எதுக்குப்பா போற” என்றார். நான் இரண்டடி தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

4. செவிலிமேடு

ரேவதி இரண்டு வாரம் லேபுக்கு வரவில்லை. கூடப் படிக்கும் பெண்ணைக் கேட்டதற்கு, “கடை ஓடல சார். அவங்க அம்மா அழுதுக்கினே இருக்காங்களாம்” என்றாள். மறுநாள் காலை சுத்தம் செய்த பாட்டிலும் ஐஸ் பெட்டியுமாகப் பஸ் ஏறினேன்.

ஏழரை மணி. வேலைக்குப் போகிறவர்கள் பஸ் ஸ்டாப்பில் நிறைந்திருந்தார்கள். கடையில் ஒருவரும் இல்லை. கஸ்தூரி அம்மா என்னை உட்காரச் சொன்னார், திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“நாங்க இன்னா ஆளுங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும் சார். அந்தாண்ட தெருக்காரங்க என் கையால துன்றதுக்கு ஆறு வருஷம் ஆச்சி. மொதல்ல பஸ் டிரைவருங்க மட்டுந்தான் வருவாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்துக்கினு இருந்தாங்க. இப்ப நீங்களே எழுதி மாட்டிட்டீங்க. அவங்களுக்கு வேற இன்னா வோணும்?”

ரேவதி கதவோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கிணற்றில் நானே வாளி இறக்கித் தண்ணீர் எடுத்தேன். மதியத்துக்குள் டெஸ்ட் போட்டேன். இரண்டு நாள் கழித்து எல்லா டியூப்பும் ஊதாவாகவே இருந்தன. ஒரு குமிழ் இல்லை. ரிசல்ட்டை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ராகவன் சாரிடம் போனேன்.

5. லெட்டர்பேட்

ராகவன் சார் ரிசல்ட்டை இரண்டு முறை படித்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். “ஐயோ, பாவம்” என்றார். பிறகு சொன்னார்: “ஒண்ணு தப்புன்னு எழுதினா நாப்பத்திரண்டும் தப்புன்னு ஆயிடும். துவக்க விழா ரிப்போர்ட், கிராண்ட் குடுத்த டெல்லிக்குப் போயாச்சு. அந்த அம்மாவுக்குத் தனியா ஒரு சர்டிபிகேட் குடுத்துடலாம். நம்ம லெட்டர்பேட்லயே குடுங்க, சீல் வச்சு.”

சார்ட் அப்போது லைப்ரரி வராந்தாவில் மாட்டியிருந்தது. என்னிடம் பேனா இருந்தது, எழுதியதும் நான்தான். அந்த ஒரு வரியை அடித்துத் திருத்த யார் அனுமதியும் வேண்டியதில்லை. பயந்தேன். வேலை போய்விடும் என்றுகூட இல்லை, நல்ல மனுஷர் முகம் வாடுமே என்று பயந்தேன். வெட்கம் கெட்ட பயம் அது. சர்டிபிகேட்டை டைப் அடித்து, மேடத்திடம் கையெழுத்து வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி செவிலிமேட்டுக்குப் போனேன்.

கடை முன்னால் தட்டி இறக்கியிருந்தது. ரேவதி காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் வேலைக்குப் போய்விட்டாளாம். கஸ்தூரி அம்மா தாளை வாங்கி எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார்.

“தண்ணி நல்லா இருக்குதுன்னு போட்டிருக்குது.”

“ஆமாம்மா. தப்பு எங்களுதுதான்.”

“அத ஊரே பாக்கற மாதிரி பெரிசா எழுதி மாட்டுனீங்க. இத மடிச்சி பாக்கெட்டுல வச்சி என் கைல குடுக்கறீங்க. நான் இத யாருகிட்ட சார் காட்டுறது?”

உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். “நீங்க குடிச்சிட்டீங்க. அத யாரு பாத்தாங்க?” என்றார். அவ்வளவுதான், தட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பேனாவோடு லைப்ரரி வராந்தாவுக்குப் போனேன். யார் முகம் வாடினாலும் வாடட்டும் என்று தீர்மானம். சார்ட்டை அதற்குள், நிறைவு விழா வரை கெடாமல் இருக்க, லேமினேட் பண்ணி மாட்டியிருந்தார்கள். அந்த வரியின் மேல் கோடு போட்டேன். மை ஒட்டவில்லை, விரல் பட்டதும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. மேலே ஒரு தாள் ஒட்டி எழுதினேன். சாயங்காலத்துக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். வருடக் கடைசியில், நிறைவு விழாவில் அது மேடை ஓரத்தில் பளபளவென்று நின்றது. ராகவன் சார் அதைக் காட்டித்தான் பேசினார்.

லேபில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். ரிசல்ட் எழுதுவதற்கு முன்னால் அந்தப் பெயருக்குப் பின்னால் யார் சோறு இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் எழுதாதீர்கள், எழுதச் சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். தப்பாக எழுதிவிட்டால் அன்றைக்கே, அந்தச் சுவரிலேயே, அதே பெரிய எழுத்தில் திருத்துங்கள். மறுநாள் என்பது பிந்திய நாள். ரேவதி படிப்பை முடிக்கவில்லை.