ஆவணியில் வந்த தலைவன்

தென்காசியில் நான் படித்த உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பில் பெண்பிள்ளைகள் மூன்றே பேர். அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்புவதற்கு முன்னால் பள்ளிக்கூடமே ஒரு செலக்‌ஷன் பரீட்சை வைக்கும். அதில் தேறியவர்கள்தான் பெரிய பரீட்சை எழுதலாம். கணக்கும் சரித்திரமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலை வாரிவிட்டது தமிழ்தான், அதிலும் செய்யுள்.

தேறியே ஆக வேண்டிய நெருக்கடி எனக்கு இருந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. அச்சன்புதூர்ப் பக்கம் வயலும் தென்காசி வீட்டில் நாலு மாடுமாக இருந்த என் அப்பாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்த பிறகு ஒரு வழிக்கு வந்தார்.

"செலக்‌ஷன்ல தேறிட்டேன்னா, பெரிய பரீட்சைய எழுதி முடிச்சப் பொறவுதான் கல்யாணம். தேறலன்னா வாயத் தெறக்கப்பிடாது. இது என் வாக்கு, போதுமாட்டி?"

போதும் என்றேன். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே சொல்லும்.

தமிழ் ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை தவறாமல் மாதிரிப் பரீட்சை வைப்பார். யுத்தத்தால் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. பழைய நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதினோம். முதல் பரீட்சையில் அவர் கேட்டது இது: 'கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் பிரிந்து போன தலைவன் ஆவணியில் திரும்புகிறான். தலைவி அவனை எவ்வாறு எதிர்கொள்வாள்?'

கார் என்றால் மழைக்காலம் என்பது எனக்குத் தெரியும். எங்களுக்கு மழை என்றால் ஆனியும் ஆடியும். மேற்கே மலையை மூட்டம் மறைக்கும், குற்றாலத்தில் சாரல் விழும், துணி காயாது. ஆனியில் வர வேண்டியவன் ஆவணியில் சாவகாசமாக வருகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இரண்டு மாதம் காக்க வைத்த அந்தப் பொய்யனைத் தலைவி வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்பாள்' என்று எழுதினேன். இருபதுக்கு மூன்று மார்க். வகுப்பில் பாதிப் பேர் கார் என்றால் ஆனி என்றுதான் எழுதியிருந்தார்கள். தலைவனைத் திட்டியவள் நான் ஒருத்திதான். ஐயா அதை வாசித்துக் காட்ட, பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

பழைய பாட்டுகளில் கார் என்பது ஆவணியும் புரட்டாசியும் என்று ஐயா விளக்கினார். மனப்பாடம் செய்துகொண்டேன். இருந்தாலும் அடுத்த முறை பேனா சும்மா இருக்கவில்லை. ஆவணி கடைசியில் அருவி மெலிந்துவிடும், அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், அந்த மாதத்தைப் போய் மழைக்காலம் என்று சொல்லி ஏய்த்திருக்கிறான் என்று எழுதிவைத்தேன். இந்த முறை நான்கு மார்க்.

ஐயா என்னைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, களைத்துப் போயிருந்தார்.

"குற்றாலத்தில் எப்போது மழை என்று நான் கேட்கவில்லையே, அம்மா. அவன் ஒரு சொல் கொடுத்தான். அவள் அதை நம்பினாள். பாட்டு அவ்வளவுதான். அந்த நம்பிக்கையை எழுது."

"நம்பாட்டா என்ன ஐயா?"

"நம்பாவிட்டால் பாட்டே இல்லை."

எனக்கு அது முழுசாகப் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மார்க் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. அடுத்து வந்த சனிக்கிழமைகளில் தலைவனைத் திட்டுவதை விட்டேன். பதினொன்று வந்தது, பிறகு பதிமூன்று.

செலக்‌ஷன் பரீட்சை மார்கழியில் நடந்தது. கேள்வியும் ஏறக்குறைய அதேதான். சொன்ன சொல் தவறாதவன் தலைவன் என்றும், அவன் வாக்கை நம்பியிருப்பதே தலைவிக்கு அழகு என்றும் மூன்று பக்கம் எழுதினேன். வகுப்பிலேயே தமிழில் எனக்குத்தான் முதல் மார்க். ஐயா என் விடையை வாசித்துக் காட்டினார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். தொழுவத்தில் அப்பா மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"தேறிட்டேன் யப்பா!"

"சந்தோசம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாசியில முகூர்த்தம் வச்சாச்சுட்டி. மாப்பிள்ளையோட தாத்தாவுக்கு ரொம்ப முடியலையாம். கண்ண மூடுததுக்குள்ள பாக்கணுங்காரு."

"பரீட்சை பங்குனியிலல்லா?"

"பொறவு எழுதிக்கிடலாம். எங்க ஓடியா போவுது?"

கத்தினேன், அழுதேன், சாப்பாட்டை ஒதுக்கினேன். வாக்குக் கொடுத்தீர்களே என்று கேட்டதற்கு, அங்கே ஒரு மனுஷன் சாகக் கிடக்கும்போது வாக்கைப் பற்றிப் பேசுகிறாயா என்று அம்மா என்னைத்தான் வைதாள். மாசியில் கல்யாணம் முடிந்தது.

பங்குனியில் நான் வாசுதேவநல்லூரில் இருந்தேன். தாத்தா எழுந்து உட்கார்ந்து, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அரசாங்கப் பரீட்சை தொடங்கிய அன்று, கத்தரிக்காயும் வாழைப்பூவுமாக ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு அப்பா என்னைப் பார்க்க வந்தார். இலை போட்டுப் பரிமாறினேன். நானாக ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

"இன்னைக்குத் தமிழ்ப் பரீட்சை யப்பா."

அப்பா ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டே கேட்டார்:

"யாருக்குட்டி?"