மீன் வேண்டாம் என்ற சம்மனசு

அந்த மனிதர் மீன் வேண்டாமென்று சொன்னதில்தான் குழப்பம் தொடங்கியது. எங்கள் கரையில் ஒருவர் மீன் வேண்டாமென்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. காய்ச்சலில் கிடப்பவர்கூட ஒரு துண்டு மீன் இருக்கிறதா என்றுதான் கேட்பார்.

நாங்கள் மீளக்குடியேறிய முதல் வருடம் அது. கொண்டச்சிக்குத் தெற்கே, கடலோரம், கோயிலை ஒட்டிய காணி எங்களுடையது. கோயிலுக்குக் கூரை இல்லை. எனக்குத் தகரத்தில் ஒன்று போட்டுத் தந்திருந்தார்கள். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பி வந்தது நானும், நாலைந்து வளவு தள்ளி ஓர் அக்காவும்தான். மற்றவர்கள் முகாமிலும் மன்னார் டவுனிலும் இந்தியாவிலுமாகச் சிதறிப் போயிருந்தார்கள். அந்தியானால் உடைமரங்களுக்கு இடையில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். நான் இருமினால் எனக்கே திடுக்கிடும்.

என் கணவர் வன்னியில் சண்டையின் கடைசி மாதங்களில் தண்ணீர் எடுத்து வரப் போனவர். வாளியும் வரவில்லை, அவரும் வரவில்லை. செத்துக் கிடக்கக் கண்டவரும் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை. ஒருத்திக்கு மட்டும் சோறு சமைப்பது போல எரிச்சலான வேலை உலகத்தில் கிடையாது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். மிஞ்சியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

அப்படி ஒரு மத்தியானம்தான் அந்த மனிதர் வந்தார். வீட்டுத்திட்டத்துக்குக் கல் ஏற்றி வந்த ட்ராக்டர் ஒன்று தெருவில் நின்றது. அதிலிருந்து இறங்கி, கோயிலை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேரே என் படலைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் பக்கத்து முகமில்லை. தெருமுனைக் காவலரணில் இரண்டு ஆமிக்காரர் நின்றதால் குரலை நன்றாக இறக்கிக் கதைத்தார்.

"கோயிலுக்குப் பக்கத்து வீடு இதுதானே, தங்கச்சி?"

"ஓம். வாங்கோ அண்ணை."

கதிரையில் இருந்தார். தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கடயவர் எங்களிட்டத்தான் இருக்கிறார். சுகமா இருக்கிறார். யோசிக்காதேங்கோ."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். ஆமிக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, காணாமல் போனவரைப் பற்றிச் சத்தம் போட்டு விசாரிக்கவும் பயம்.

"எங்கை, அண்ணை? எந்த இடம்?" என்றேன்.

"ஓம், ஓம்" என்று தலையை ஆட்டினார். "செல் விழுந்து கை ஒண்டு போயிட்டுது. முகத்தில ஒரு கீறல் இல்லை. நல்ல வடிவா இருக்கிறார்."

"சாப்பிடுறவரோ?"

"என்ர மனிசி நல்லாப் பாக்கிறா."

அந்த நேரத்திலும் அந்த மனிசி மீது எனக்கு ஒரு பொறாமை எட்டிப் பார்த்தது என்பதை மறைக்கமாட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். சோறும் ஒட்டி மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தேன். தட்டைப் பார்த்ததும் எழும்பிவிட்டார். "எனக்கு மீன் வேண்டாம், தங்கச்சி." வேறென்ன தரலாமென்று நான் யோசிப்பதற்குள் தெருவில் ட்ராக்டர்காரர் கை காட்டிக் கூப்பிட்டார். "பாதை திறந்தாப் பிறகு கொண்டு வாறம்" என்று சொல்லிவிட்டு விறுவிறென்று போய்விட்டார்.

அடுத்த நிமிடம் அக்கா ஓடி வந்தா. நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னதையெல்லாம் கேட்டா. கேட்டுவிட்டு, தொடாமல் கிடந்த மீன் தட்டைப் பார்த்தா.

"மீன் தின்னேல்லையோ?"

"இல்லை."

"கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவரோ?"

"இல்லை."

அக்கா சிலுவை போட்டுக்கொண்டா. "அடியே, வந்தது மனிசன் இல்லை. சம்மனசு."

வானதூதரை நாங்கள் சம்மனசு என்போம். அக்காவுக்கு வேதம் விரல் நுனியில். உயிர்த்த ஆண்டவர் தான் ஆவியில்லை என்று காட்டுவதற்குச் சீடர்களிடம் மீன் வாங்கித்தானே தின்றார் என்று கேட்டா. தசையும் எலும்பும் உள்ளது மீன் தின்னும், இல்லாதது தின்னாது. வழிப்போக்கனைப் போல வீடு வந்து, மனிதரோடு மனிதராய் இருந்து, சாப்பிடுவதுபோல் காட்டி, உண்மையில் ஒன்றும் சாப்பிடாமல் போன சம்மனசும் வேதத்தில் உண்டாம். மாலையாவதற்குள் ஊரில் இருந்த ஏழெட்டுக் குடும்பத்துக்கும் செய்தி போய்விட்டது. ஆட்கள் வந்து அந்தக் கதிரையைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர் வந்து சொன்னார் என்றால் என் கணவர் உயிரோடு இருக்கிறார். சம்மனசு வந்து சொன்னது என்றால் அவர் மோட்சத்தில் சுகமாக இருக்கிறார். சொல் ஒன்றுதான். சொன்னவருக்கு உடம்பு உண்டா இல்லையா என்பதை வைத்துத்தான் நான் பெண்சாதியா கைம்பெண்ணா என்பது.

நானும் விடவில்லை. குதிக்கால் முழுக்க வெடிப்பு, அதற்குள் வயல் சேறு காய்ந்து கிடந்ததே, சம்மனசு எந்த வயலில் இறங்கியது என்று கேட்டேன். தேத்தண்ணி குடித்ததே என்றேன். முதுகு வியர்வை கதிரையில் ஈரமாகப் படிந்ததைக் கண்ணால் கண்டேன் என்றேன். எல்லாவற்றுக்கும் மேலாகக் கை. மோட்சத்தில் ஒருவர் கையில்லாமல் இருப்பாரா? அங்கே ஆண்டவர் எல்லாரையும் முழுசாகத்தானே வைத்திருப்பார்? கை போனது என்றால் இந்தப் பூமியில்தான் போயிருக்கிறது, இந்தப் பூமியில்தான் அவர் இருக்கிறார். "சம்மனசு சொன்னா அதில ஒரு கருத்திருக்கும்" என்று அக்கா சமாளித்தா.

பிறகு நான் தனியாக அந்தக் கையோடு வாழத் தொடங்கினேன். எந்தக் கை என்று கேட்காமல் விட்டது பெரிய குறையாக இருந்தது. வலது கை என்றால் வலை இழுக்க முடியாது, கரையில் இருந்து கிழிந்த வலை பொத்தலாம், அதற்கும் இரண்டு கை வேண்டும். சட்டை நான் போட்டுவிடுவேன். மீனில் முள் எடுத்துக் கொடுப்பேன். கொட்டிலுக்குள் நடந்துகொண்டே இதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று பிற்பாடு அக்கா சொன்னா.

வந்துபோன அந்த மனிதரைத் தேடி மன்னார் டவுனுக்கும் போனேன். கல் ஏற்றும் ட்ராக்டர்காரர்களிடம் கேட்டேன், மீன் சந்தையில் கேட்டேன், பஸ் நிலையத்தில் கேட்டேன். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, மீன் தின்னாத மனிதர் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். வேதத்தில் சம்மனசைக் கண்டுகொண்டு வாய் திறந்து பேசியது ஒரு கழுதைதான். மன்னாரில் கழுதைக்குக் குறைவில்லை, ஆனால் ஒன்றும் என்னோடு கதைக்கவில்லை. வெறுங்கையோடு கடைசி பஸ்ஸில் திரும்பினேன்.

மரித்தோர் திருநாள் நெருங்கியது. அந்தப் பூசையில் செத்துப்போனவர்களின் பெயரை வாசிப்பார்கள். அக்கா தன் மகனின் பெயரைக் கொடுத்தா. "நீயும் குடு. சம்மனசு வந்து சொல்லியும் நீ குடுக்காட்டி அவற்ற ஆத்துமா அந்தரிச்சுத் திரியும்" என்றா. சண்டை பிடித்துக்கொண்டு நான் பங்குச் சுவாமியாரிடம் போனேன். இளம் ஆள். மோட்டார் சைக்கிளில் வந்து, கூரைக்குப் பதிலாகக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே பூசை வைப்பவர்.

"சம்மனசுக்குக் குதிக்கால் வெடிக்குமோ, சுவாமி?"

அவர் சிரிக்கவில்லை. சம்மனசுகளுக்குச் சொந்தமாக உடம்பில்லை என்றார். ஆண்டவர் அனுப்பினால் மனித உருவத்தில் தோன்றலாம், அது இரவல் சட்டை மாதிரி, அதற்குப் பசியும் இல்லை நோவும் இல்லை என்றார். செத்தவர்கள் அப்படி உருவெடுத்து வருவதில்லை, கடைசி நாளில்தான் உடம்போடு எழும்புவார்கள் என்றார்.

"அப்ப என்ர வீட்டுக்கு வந்தது ஆர்?"

"எனக்குத் தெரியாது, அம்மா. தெரியும் எண்டு சொன்னாப் பொய்."

அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடித்துப் போனது. பெயரைக் கொடுக்காமல் வந்துவிட்டேன். அந்தப் பூசையில் வாசித்த ஒவ்வொரு பெயருக்கும் அக்காவின் தலை என் பக்கம் திரும்பித் திரும்பிப் போனது.

வீட்டுத்திட்ட வாகனங்களைத் தவிர மற்றவற்றுக்கு மூடிக் கிடந்த பாதை திறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடியும் தறுவாயில், கோயிலடிக்கு ஒரு ட்ராக்டர் வந்தது. பெட்டிக்குள் வைக்கோலில் அவர் நின்றார், என் சம்மனசு. நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். அவருக்குப் பக்கத்தில் சேலையால் சுற்றிய நீளமான ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு பெண் அதன் தலையை மடியில் வைத்திருந்தா. நான் பெட்டி விளிம்பைப் பிடித்து ஏறினேன்.

சேலையை விலக்கினார்கள். அது எங்கள் கோயில் பீடத்தில் நின்ற புனிதரின் சுரூபம்.

இடம்பெயர்ந்தபோது நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடி, இனித் தூக்க முடியாமல் ஒரு வயற்கரையில் விட்டுவிட்டு வந்த சுரூபம். அந்தப் பெண்ணும் அவவின் புருசனான அந்த மனிதரும் அதை வைக்கோல் போருக்குள் ஒளித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். வலது கை முழங்கையோடு உடைந்திருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை.

"எங்கடயவர் வந்திட்டார், எங்கடயவர் வந்திட்டார்" என்று அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதா. எல்லாரும் அப்படித்தான் சொல்லி அழுதார்கள். எங்கள் ஊரில் அந்தப் புனிதருக்கு அதுதான் பெயர். அந்த மனிதர் 'உங்கட' என்று சொன்னது ஊரை. மரியாதைக்குச் சொன்னாராக்கும் என்று நான் எனக்கு எடுத்துக்கொண்டேன்.

ஊரே சந்தோசத்தில் அழும்போது ஒருத்தி வேறு காரணத்துக்கு அழுதால் யாருக்கும் தெரியாது. அது ஒரு வசதி. அந்தப் பெண் புனிதரின் கன்னத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தா. நான் பொறாமைப்பட்டது இவவில்தான்.

வந்தவர்களுக்குச் சாப்பாடு என் வீட்டில். கிட்ட இருக்கிற வீடு அதுதானே. அந்த மனிதர் பாரை மீனை முள்ளோடு உறிஞ்சிச் சாப்பிட்டார். "அண்டைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் சைவக்காரர், வெள்ளியில மச்சம் தொடமாட்டம்" என்று அவர் மனைவி சொன்னா. "இவருக்குக் காதும் கேக்காது, செல்லடிச்சதில. அண்டைக்கு வந்து என்னத்தைச் சொன்னாரோ தெரியாது." அக்கா என்னைப் பார்த்தா. விளங்கிவிட்டது அவவுக்கு. எழும்பி வந்து என் பக்கத்தில் ஒட்டி இருந்தா.

அந்த மனிதர் கை கழுவப் போகுமுன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். காது கேளாதவர்களின் உரத்த குரலில், முறைக்கு விசாரித்தார்:

"வீட்டுக்காரர் எங்கை, தங்கச்சி? தொழிலுக்கோ?"

எங்கள் கரையில் தொழில் என்றால் கடல். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தா. அதற்குள் நான் அவருக்குத் தெரியும்படி, ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"கடல் இண்டைக்கு அமைதியாத்தான் கிடக்கு" என்றார் அவர். "வந்திடுவார்."