டவுட் வினைச்சொல்லானபோது

நேற்று எதிர்வீட்டுப் பெண் ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு வந்து நின்றாள். "அங்கிள், ஒரு டவுட்." அந்தச் சொல் பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை சாது. வினைச்சொல்லாகிவிட்டால் கடிக்கும். நான் கடிபட்டவன்.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஒரு துரைசானி நடத்திய விடுதியில் நான் குமாஸ்தா. பழனியில் அம்மாவும் தங்கைகளும் என் சம்பளத்தை நம்பித்தான் உலை வைத்தார்கள். விடுதியின் பட்லர் அந்தோணிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நான் சமையற்கட்டுப் பக்கம் போனால் சர்க்கரை டப்பாவை மூடுவார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. அவர் சிரித்தால் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் வெள்ளி டீ வடிகட்டியைக் காணோம். துரைசானி எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அந்தோணி என்னைப் பார்த்துக்கொண்டே, "ஐ டவுட் ஹீ டுக் இட், மேடம்" என்றார்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். நம்மவர் இங்கிலீஷில் அதற்கு 'இவன்தான் எடுத்திருப்பான்' என்று பொருள். வெள்ளைக்காரர்கள் அதற்கு 'சஸ்பெக்ட்' என்பார்கள். 'டவுட்' என்றால் அவர்கள் காதில் 'இவன் எடுத்திருக்க மாட்டான்'. நமக்கோ இரண்டுக்கும் ஒரே சந்தேகம்தான். துரைசானி "ஐ டவுட் இட் டூ" என்று தலையாட்டி, என்னை வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் வெள்ளனே அந்தோணி எட்டிப்பார்த்தார். "ஏலே, இன்னும் இங்கனதான் கெடக்கியா?" ஏச்சா, விசாரிப்பா, தெரியவில்லை. கையில் எனக்கென்று ஒரு கோப்பை டீ. "வெரசா குடி, ஆறிரும்." அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

அந்த வாரமே தோட்டக்காரர் ரோஜாச் செடிக்கடியில் கொட்டியிருந்த தேயிலைச் சக்கையைக் கிளறி வடிகட்டியை எடுத்தார். சக்கையோடு சேர்த்து யாரோ உதறியிருக்கிறார்கள்.

"நான் அன்னைக்கே மேடம்கிட்ட சொன்னேன்ல, இவன் எடுத்திருக்க மாட்டான்னு!" என்று எல்லோர் முன்னாலும் அந்தோணி நெஞ்சை நிமிர்த்தினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலமெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குப் பரிமாறி, அவர்கள் இங்கிலீஷைக் கேட்டுப் பழகியவர். மாட்டிவிடப் பார்த்துவிட்டு இப்போது பேச்சை மாற்றுகிறாரா? இல்லை, தெரிந்தேதான் அந்தச் சொல்லை எடுத்தாரா? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

துரைசானி கப்பலேறிவிட்டார். விடுதி இருந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது. அந்தோணி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பல காலமாயிற்று.

"சொல்லுங்க அங்கிள்" என்று அந்தப் பெண் காத்திருந்தாள். என்னத்தைச் சொல்ல? அந்தோணியை இன்றைக்கும் நான் டவுட் பண்ணுகிறேன். அது எந்த டவுட் என்று திருத்திச் சொல்லத்தான் ஆளில்லை.