நூலில் காய்த்த மிளகாய்

பத்து வயதில் நான் என்னைக் கெட்டிக்காரன் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் கடையில் வாங்கிய பச்சை மிளகாய்களை அப்பாவின் செடிகளில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். இதைவிடப் பெரிய மடைத்தனம் செய்யப் பிறகும் முயன்றிருக்கிறேன். எட்டவில்லை.

அப்பா ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்தார். யாழ்ப்பாணத்தில் மிளகாய்த் தோட்டம் செய்த கை சும்மா இருக்குமா? நகரத்துக்கு வெளியே, வயதாகிவிட்ட ஒரு ஜெர்மன் விவசாயியிடம் துண்டு நிலம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் வைத்தார். செடிகள் பச்சைப் பசேலென்று வளர்ந்தன. காய்க்கத்தான் இல்லை. பூக்கும், குளிர் மழை வரும், பூவெல்லாம் கொட்டிவிடும். பொலித்தீன் கூடாரம் போட்டால் காய்க்கும் என்றார் அப்பா. கூடாரத்துக்குக் கடன் வேண்டும்.

அம்மா சீட்டு எடுக்கலாம் என்றார். சீட்டுக் காசில் கலியாணம் செய்யலாம், தோட்டம் செய்ய ஏலாது, முதல் காய் வருமுன்னே தவணை வந்து வாசலில் நிற்கும் என்று அப்பா மறுத்துவிட்டார். வங்கிகளோ அவரை ஏற இறங்கப் பார்த்தன. நிலம் சொந்தமில்லை, விவசாயம் படித்த சான்றிதழ் இல்லை, காகிதத்தில் அவர் வெறும் தொழிற்சாலைக்காரர். இரண்டு இடங்களில் முடியாது என்றுவிட்டார்கள். தோட்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த சின்ன வங்கிக்காரர் மட்டும், நேரில் வந்து பார்க்கிறேன் என்று நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் தந்தார். அதுவும் பிசகினால், இலையுதிர்காலத்தோடு நிலம் ஒரு சோளக்காரருக்குப் போய்விடும்.

எங்கள் வீடுகளில் எந்த டெர்மினுக்கும் மொழிபெயர்க்கப் போவது பிள்ளைதான். காதுவலி டாக்டர் தொடங்கி வரி அலுவலகம் வரை பேசிப் பழகியிருந்ததால், இந்தக் கடனும் என் பொறுப்பு என்றே நினைத்தேன். காயில்லாத செடியைக் காட்டினால் எவன் கடன் தருவான்? பிறந்தநாளுக்குக் கிடைத்த யூரோ நோட்டைத் தமிழ்க்கடையில் கொடுத்து மிளகாய் வாங்கினேன். அம்மாவின் தையல் பெட்டியில் பச்சை நூலும் அகப்பட்டது. அப்பா ரோட்டடியில் வங்கிக்காரரை எதிர்பார்த்து நின்ற நேரத்தில், முன்வரிசை முழுவதும் காய்த்துக் குலுங்கிவிட்டது.

வங்கிக்காரர் நெட்டை மனிதர். கோட்டும் டையும் அணிந்து, கீழே ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். செடிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார். வெளியிலேயே இவ்வளவு நன்றாகக் காய்க்கிறதே, பிறகு கூடாரம் எதற்கு?

அந்தக் கேள்வியை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல அங்கே என்னைத் தவிர ஆளில்லை. சொன்னேன். அப்போதுதான் அப்பா முன்வரிசையைப் பார்த்தார். குனிந்து ஒரு காம்பைத் தொட்டார்.

"ஆர் கட்டினது?"

"நான்தான் அப்பா."

"அதை அவருக்கும் சொல்லு. வெளியில இது காய்க்காது எண்டும் சொல்லு."

காதெல்லாம் சூடேறச் சொல்லி முடித்தேன்.

வங்கிக்காரர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. நூலை அவிழ்த்து ஒரு மிளகாயைக் கையில் எடுத்து, எங்கே வாங்கினாய், என்ன விலை என்று கேட்டார். தமிழ்க்கடையில், தாய்லாந்திலிருந்து விமானத்தில் வருவது என்று சொல்லி விலையையும் சொன்னேன். நம்பாமல் இன்னொரு தரம் கேட்டார். இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்றார். எல்லோரும்தான், மிளகாய் இல்லாமல் எப்படிச் சமைக்கிறது என்று நான் அவரையே திருப்பிக் கேட்டேன். காய்த்தால் முழுவதையும் எடுப்பதாகக் கடைக்காரர் வாக்குத் தந்திருப்பதைச் சொல்லச் சொன்னார் அப்பா. அதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதர் மிளகாயைக் கடித்துவிட்டார்.

பிறகு கொஞ்ச நேரம் கடன் பேச்சே இல்லை. அவருக்குக் கண்ணால் மூக்கால் எல்லாம் வழிய, அப்பா பதறிப்போய்ப் பிளாஸ்கிலிருந்த சுடுதேநீரை ஊற்றிக் கொடுக்க, நிலைமை இன்னும் மோசமானது. போகும்போது மிச்ச மிளகாய்களையும் அவிழ்த்துக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோனார். பொலிஸுக்குத்தான் கொண்டுபோகிறார் என்று நான் நடுங்கினேன்.

வீட்டில் அம்மா, "உன்ர மூளையையும் நூலாலதான் கட்டி விட்டிருக்கு" என்றார்.

சில வாரங்களில் கடன் கிடைத்தது. அடுத்த கோடையில் கூடாரத்துக்குள் மிளகாய் நூலில்லாமலே காய்த்தது. எல்லாம் என் தந்திரத்தால் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கூடாரம் ஏன் வேண்டும் என்பதற்குச் சாட்சியாக, காய்க்காத அந்தச் செடிகளைத்தான் அப்பா அவருக்குக் காட்ட இருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்தக் கைக்குட்டை முடிச்சு வங்கியில் யார் யாருடைய மேசையில் அவிழ்ந்திருக்கும் என்றும் நினைத்துப் பார்க்கவில்லை.

போன கோடையில் மூன்றாவது கூடாரத்துக்குள் அப்பாவோடு மிளகாய் பறித்துக்கொண்டு நிற்கும்போது ஆசை விடவில்லை.

"அப்பா, அண்டைக்கு நான் கட்டாட்டி இதெல்லாம் வந்திருக்குமே?"

அப்பா செடியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"கதைக்காமல் ஆய்."