லோகோ மட்டும் தெரிந்த கைக்கடிகாரம்

என் மச்சினன் துபாயில் ஒரு பெரிய நகைக் கம்பெனியின் ஷோரூமில் வேலை பார்க்கிறான். போன வருடம் லீவில் கொடைக்கானலுக்கு வந்தபோது, அந்தக் கம்பெனியே செய்யும் கைக்கடிகாரம் ஒன்றை எனக்குக் கொண்டுவந்தான். வைர நெக்லஸ் வைக்கிற மாதிரி வெல்வெட் பெட்டி. உள்ளே கறுப்பு முகம், தங்க முள் இரண்டு. எண்களும் இல்லை, கோடுகளும் இல்லை. நடுவில் கம்பெனியின் லோகோ மட்டும்: இரண்டு ஆங்கில எஸ் எழுத்துகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நின்றன. வாரிலும் பின்மூடியிலும் அதே எஸ்.

"இதுல மணி எப்படி மாப்ள பாக்குறது?" என்றேன்.

"மணி பாக்கத்தான் போன் கெடக்கே மச்சான். இது லோகோ தெரியணும்னு கட்டுறது."

நான் இங்கே ஒரு மிஷன் பள்ளியில் சரித்திர வாத்தியார். இந்தக் குளிரில் லோகோவை ஸ்வெட்டர் மறைத்தது. அதனால் இடது கையை மட்டும் முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டேன். "ஒரு கைக்கு மட்டும் குளிராதாக்கும்?" என்றாள் மனைவி.

நாலே நாளில் அந்த வளைவுகளைப் பற்றி எனக்கு ஒரு கருத்தே உண்டாகிவிட்டது. எஸ்ஸின் வால் மெலிகிற இடத்தில் ஒரு அடக்கம் இருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் விளக்கினேன். எல்லோரும் டீ குடித்தார்கள்.

அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக்கு மாதிரித் தேர்வு. பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடிய வேண்டும். அன்று கரண்ட் இல்லை, பெல் அடிக்காது. நேரம் பார்ப்பது என் பொறுப்பு. கடிகாரத்தைக் கழற்றி, முன்வரிசைப் பிள்ளைகளுக்கு லோகோ நேராகத் தெரியும்படி மேசைமேல் வைத்தேன்.

வெகுநேரம் கழித்துக் குனிந்து பார்த்தேன். பெரிய முள் கீழ்நோக்கி நின்றது. மணி பன்னிரண்டரை.

"டைம் முடிஞ்சிருச்சு. பேப்பரைக் குடுங்க."

முன்வரிசையில் இருந்த, வடகவுஞ்சி கிராமத்துப் பெண் எழுந்தாள். "சார், இன்னும் அரை மணி இருக்குங்க சார்."

"இது என்ன வாட்ச்னு தெரியுமா? தப்பா ஓடவே ஓடாது. குடு, குடு."

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் முணுமுணுத்தபடி வெளியே போக, தலைமையாசிரியை சிஸ்டர் வேகமாக உள்ளே வந்தார்.

"என்ன சார், பன்னெண்டு மணிக்கே வெளிய விட்டுட்டீங்க?"

நான் பெருமையாகக் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டினேன். பிள்ளைகள் பக்கம் நின்று பார்த்தவர், "இதுவும் பன்னெண்டுதான காட்டுது?" என்றார்.

நானும் அந்தப் பக்கம் போய் நின்றேன். இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்றாக உச்சியைப் பார்த்து நின்றன. பாழாய்ப்போன லோகோ தலைகீழாகப் பார்த்தாலும் அதே லோகோ. எது மேல், எது கீழ் என்று சொல்ல அந்த முகத்தில் வேறொன்றும் இல்லை.

"லோகோ நல்லாருக்கு சார்," என்றார் சிஸ்டர், சிரிக்காமல்.

பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மன்னிப்புக் கேட்டு, பேப்பரைத் திருப்பிக் கொடுத்து, பத்து நிமிடம் கூடுதலாகவும் தந்தேன். அந்த வடகவுஞ்சிப் பெண் கடைசியாக எழுதி முடித்தாள். விடைத்தாளை வைத்துவிட்டு, கடிகாரத்தை என் பக்கம் மெல்லத் திருப்பினாள். "இப்படி வச்சுக்கங்க சார்." வகுப்பில் முதல் மதிப்பெண்ணும் அவளுக்குத்தான்.

இப்போதெல்லாம் தேர்வு நாளில் சிஸ்டர் ஆபீஸ் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுகிறார். பிளாஸ்டிக், பன்னிரண்டு எண்ணும் கொட்டை கொட்டையாக இருக்கும். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு மைதானத்தைக் கடக்கிறேன். பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.